கொசுக்காரர் வீட்டுப் பூசணி

இப்போது நான் குடியிருக்கும் ஏழாவது மாடியில் எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. உள்ளே ஆள் இருக்கிறார்களா, இருட்டை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறார்களா, தெரியாது. பழைய தெருவில் அப்படியா? யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தது என்பது, அவர்கள் அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் என் காதுக்கு வந்துவிடும். வம்புக்காரி என்று எனக்கு ஒரு பேரும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தத் தெருவை நினைத்தாலே முதலில் கண்முன் வருவது பக்கத்து வீட்டு மொட்டை மாடிதான். என் சமையலறை ஜன்னலிலிருந்து கொஞ்சம் எட்டிப் பார்த்தால் முழுசாகத் தெரியும். கொஞ்சம் என்றால், ஸ்டூல் போட்டு.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொழில் பூச்சி மருந்து அடிப்பது. ஓட்டல், குடோன், ஆஸ்பத்திரி என்று எங்கே கரப்பான் ஓடினாலும் முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தெரு அவருக்கு வைத்த பேர் கொசுக்காரர். ஏதோ கொசு விற்கிறவர் மாதிரி இருக்கும். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. சாதுவான மனுஷர். மனைவி மேல் உயிர். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியாது. மற்ற ஆண்கள் வேலை முடிந்து வரும்போது தின்ன ஏதாவது வாங்கி வருவார்கள். இவர் டேங்கின் அடியில் மிஞ்சிய மருந்தைக் கொண்டு வருவார். அந்த வீட்டுக்குள் ஓர் எறும்பு நுழைந்து நான் கண்டதில்லை. சர்க்கரை டப்பாவை மூடாமலே வைத்திருப்பார்கள், அவ்வளவு திமிர்.

அவர் மனைவி தலையணை உறை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். என்னை அக்கா என்பாள். அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. அம்மா போனார், அண்ணன்மார் வீட்டை விற்றார்கள், வாங்கியவர் இடித்துத் தள்ளிவிட்டு வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார். மிஞ்சியது அம்மா வளர்த்த பூசணியின் விதை, ஒரு பவுடர் டப்பாவில் கொஞ்சம். கடையில் கிடைக்கிற பூசணி இல்லை அது. கரும்பச்சைத் தோல், விரலே புதைகிற ஆழத்துக்கு வரி, உள்ளே செங்கல் நிறம்.

டப்பாவிலேயே கிடந்தால் விதை செத்துவிடும் என்று ஒரு வருஷம் அத்தனையையும் மாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஊன்றினாள். பழைய விதை. ஒன்றே ஒன்றுதான் கண் திறந்தது.

"இதுல ஒரு காய் முத்திட்டாப் போதும்க்கா, விதை எடுத்துருவேன். இல்லேன்னா அம்மா வீட்டுதுன்னு சொல்லிக்க எங்கிட்ட எதுவுமே இல்ல" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அது கொசுக்காரர் காதிலும் விழுந்தது. வினையே அங்கேதான் ஆரம்பம்.

"ஒரு இலையைக்கூட எவனும் கடிக்கக் கூடாது" என்று வாரம் தவறாமல் மாடியேறி அடித்தார். இலைக்கு மேலே, இலைக்குக் கீழே, கணுவுக்குக் கணு. கொடியும் சொன்ன பேச்சைக் கேட்டது. ஓட்டை விழாத இலையும் தட்டு அகலப் பூவுமாகக் காலண்டர் படம் போல் படர்ந்து நின்றது. எங்கள் வீட்டிலும் ஒரு கொடி இருந்ததே, குப்பை கொட்டுகிற மூலையில் தானாக முளைத்தது! பாதி இலை சல்லடை, மீதி இலையில் புழுக்கள் பள்ளிக்கூடம் நடத்தின. ஆனால் எட்டி மிதித்த இடமெல்லாம் காய்.

அவர்கள் கொடியில் ஒரு காய் நிற்கவில்லை. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு இருக்கும். பூ வாடியதும் பிஞ்சும் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். ஒவ்வொன்று உதிரும்போதும் அன்றைக்கு முழுக்க அவள் தையல் மெஷின் சத்தம் கேட்காது. கொசுக்காரர் என்ன செய்தார்? "கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ பூந்துருக்கு" என்று மருந்தைக் கூட்டினார்.

ஒரு நாள் காலை நானே மாடியேறிப் போனேன். ஸ்டூலில் நின்று நின்று கழுத்து பிடித்துக்கொண்டது. போனதற்கு நாலு வார்த்தை பாராட்டுவோமே என்று வாயைத் திறந்தேன்.

"மாடின்னா இதுதான் மாடி! ஒரு ஈ இல்ல, எறும்பு இல்ல. எங்க கொடிப்பக்கம் போனாத் தேனீ வந்து மூஞ்சியிலயே மோதுது."

அவள் கையிலிருந்த வாளி பாதியில் நின்றது. "தேனீயா?"

"ஆமா. பூவுக்கு ஒண்ணு குடித்தனம் பண்ணுது."

"எங்க அம்மா வீட்லயும் அப்படித்தான்க்கா. நாங்க பூவை வாயோட மூடிப் பிடிச்சுக் காதுல வச்சுக் கேப்போம். உள்ள ரேடியோ மாதிரிப் பாடும்."

சொல்லிக்கொண்டே ஒரு பூவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அடுத்த பூ, அதற்கடுத்தது. எல்லாம் காலி வீடு. ஆண்பூவின் மஞ்சள் தூளைப் பெண்பூவில் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளே இல்லையென்றால் காய் எப்படி நிற்கும்? பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பரீட்சையோடு போய்விட்டது, எனக்கும் சேர்த்துத்தான்.

அன்று சாயங்காலம் நடந்ததைக் கேட்க எனக்கு ஸ்டூல்கூடத் தேவைப்படவில்லை.

"என்னங்க, நீங்க அடிக்கிற மருந்துல தேனீ சாகுமா?"

"அதுல எல்லாமே சாகும்" என்றார், தொழில் பெருமையோடு. அதற்குப் பிறகுதான் கேள்வி உறைத்தது.

"எங்க வீட்டை எவனோ இடிச்சான். மிச்சமிருந்ததை நீங்க முடிச்சிட்டீங்க."

கொஞ்ச நேரம் கழித்து மாடியில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம். கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது. குழாயைப் பிடித்துக் கொடியை அலசு அலசென்று அலசிக்கொண்டிருந்தார். ஆண்பூவுக்கு நூல் மாதிரிக் காம்பு. மறுநாள் மலர இருந்த மொட்டு முதற்கொண்டு அத்தனையும் முறிந்து விழுந்தன. பிஞ்சைத் தாங்குகிற பெண்பூவுக்குக் காம்பு தடிமன். அதில் ஒரு மொட்டு மட்டும் பிழைத்தது. கொடி நுனியெல்லாம் காய ஆரம்பித்திருந்தது. இனி புது மொட்டு வராது. அந்த ஒன்றும் காலையில் மலர்ந்தால் மத்தியானத்துக்குள் வாடிவிடும்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் எங்கள் கதவைத் தட்டினார்.

"அக்கா, ஒரு பூ வேணும். ஆண்பூ."

"என்ன தம்பி, மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கீங்களா?"

"சிரிக்காதீங்கக்கா. அவ எந்திரிக்கிறதுக்குள்ள முடிக்கணும். நான் வந்ததை அவகிட்டச் சொல்லிடாதீங்க."

நல்ல மலர்ந்த பூவாகப் பறித்துக் கொடுத்தேன். விளக்கு அணையாமல் கொண்டுபோவது போல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு போனார். நான் ஸ்டூலுக்கு ஓடினேன். இதழ்களைப் பிய்த்துவிட்டு, டிரம்முக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, பெண்பூவுக்குள் மெதுவாகத் தடவினார். மறுபடி தடவினார். இத்தனை வருஷம் எதையெல்லாம் கொன்று சம்பாதித்தாரோ, அதன் வேலையை அன்று சம்பளமில்லாமல் பார்த்தார்.

காய் நின்றுவிட்டது.

அதோடு மாடிக்கு டேங்க் ஏறவில்லை. முதலில் வந்தது மாவுப்பூச்சி. இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது. "கை அரிக்குதுக்கா" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் பாவம். கொஞ்ச நாளில் எங்கிருந்தோ சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு வந்து மாவுப்பூச்சியைத் தின்ன ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, திங்கிறது முதல்ல வருது, அதைத் திங்கிறது பின்னால வருது. நான் போற எடத்துலெல்லாம் ரெண்டையும் ஒண்ணா அடிச்சிட்டு, முதல்ல வர்றதுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கதவைத் திறந்து விட்டிருக்கேன்" என்றார், ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி.

அவள் தொட்டியில் கொத்தமல்லியைக் கிள்ளாமல் பூக்க விட்டாள். தேனீ திரும்பி வந்தது.

"அது என்ன பெரிசாப் பண்ணுது? ஒரு வீட்ல இருக்கிறதை எடுத்து இன்னொரு வீட்ல கொண்டுபோய் வைக்குது, அவ்வளவுதானே" என்றாள்.

வீட்டுக்கு வீடு சேதி கொண்டுபோகிற என்னைப் பார்த்தார் கொசுக்காரர். "நான் ஒண்ணும் சொல்லலக்கா."

அந்தக் காய் முற்றியபோது அச்சு அசலாக அவள் அம்மா வீட்டுக் காய்தான். அதே கரும்பச்சை, அதே வரி. அறுக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. பவுடர் டப்பா நிறைய விதை. விதையைக் காயவைத்த துணியைச் சுற்றிச் சுற்றி வந்தார் மனுஷர், பேரப்பிள்ளை பிறந்த மாதிரி. ஊரில் உள்ள சங்கதியெல்லாம் சொல்கிற நான் அந்த ஆண்பூ விஷயத்தை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. கேட்டுக்கொண்டாரே.

அடுத்த வருஷம் விதை ஒன்று விடாமல் முளைத்தது. காயும் நின்றது. ஒரு நாள் மாடியிலிருந்து குரல்: "அக்கா, கொஞ்சம் வாங்க."

போனேன். வெளிர்பச்சையில் ஒரு காய். வரி இருந்தது, ஆனால் விரல் புதையாது. இரண்டு பக்கமும் உப்பலாகக் கன்னம்.

"இந்தக் கன்னத்தை நான் எங்கயோ பாத்திருக்கேன்" என்றாள். "உங்க குப்பை மூலையில."

கொசுக்காரர் தரையைப் பார்த்தார். "பூ அக்கா வீட்லதான் வாங்குனேன். எல்லாம் பூசணிதானேன்னு நெனச்சேன்."

போன வருஷக் காய் அவள் கொடியின் காய். உள்ளேயிருந்த விதைக்குத்தான் அப்பா வேறு. அது எங்கள் மூவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

"அப்படின்னா நாம சம்பந்தியாயிட்டோம்" என்றேன், சிரிக்கட்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. காயைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அன்றும் மெஷின் ஓடவில்லை. மறுநாள் ஓடியது.

பிறகு அந்தக் காயின் விதையையே ஊன்றினாள். அதில் வந்தவை கொடிக்கொரு முகம். ஒன்று எங்கள் வீட்டு ஜாடை, ஒன்று எதிலும் சேராமல் சுரைக்காய் மாதிரி நீளம், ஒன்றில் வரி ஆழம். அவள் வரி ஆழமானதைத் தனியாக எடுத்து வைப்பாள். அடுத்த வருஷம் அதன் விதை மட்டும். நடுவில் தேனீ எங்கள் வீட்டுத் தூளை மறுபடி கொண்டுபோய்க் கலந்துவிடும். "துணி கட்டிப் பூவை மூடலாமே" என்றார் கொசுக்காரர். சிலதை மூடினாள், சிலதை விட்டுவிட்டாள்.

நான் அந்தத் தெருவை விட்டு வந்த வருஷமும் கூப்பிட்டாள். நல்ல கரும்பச்சைக் காய். அறுத்தால் செங்கல் நிறம். ஒரு துண்டை வேகவைத்து ஆறவைத்து வாயில் போட்டாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க அம்மாவோடது இன்னும் இனிப்பு" என்றாள்.

"அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் அவர்.

அவள் சல்லடையை எடுத்து விதைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.