சத்தமாக வைத்த பாட்டு

மாடிப்படியின் திருப்பத்தில் பெட்டி மாட்டிக்கொண்டது.

"அக்கா, எட்டிப் பாக்காத! உள்ள போ, நான் கூப்பிடறேன்!" என்று கீழேயிருந்து சின்னவன் கத்தினான். ஐம்பதைத் தாண்டி, தலை முக்கால்வாசி வழுக்கையாகிவிட்டவன். ஆனால் அந்தக் குரலில் இருந்தது பரிசு வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவரும் பையன்.

பெரியவள் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கூலிக்கு வந்த இரண்டு பேர் பெட்டியைச் சாய்த்து, நிமிர்த்தி, திட்டிக்கொண்டே திருப்பினார்கள். சுற்றியிருந்த பழைய போர்வை நழுவி, பெட்டியின் ஒரு கால் வெளியே தெரிந்தது. கீழே போகப்போக ஒடுங்கி, முனையில் பித்தளைப் பூண் போட்ட மரக்கால். அது போதும். மிச்சத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. 

ரேடியோகிராம். அப்பா வைத்திருந்த அதே மாதிரி, அதே தேக்கு நிறம். மூடியைத் தூக்கினால் உள்ளே இசைத்தட்டு சுழலும் மேடை, முன்பக்கம் பழுப்புத் துணி போர்த்திய ஒலிபெருக்கி, அதற்கு மேலே வரிசையாகப் பல் போன்ற வெள்ளைப் பொத்தான்கள். கூடத்துச் சுவரோரம் இறக்கி வைத்ததும் சின்னவன் தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்தான்.

"எங்கெங்கயோ தேடி அலைஞ்சேன்க்கா. ஒரு பழைய சாமான் கடையில மூலைல கெடந்துது. உள்ள இருக்கற வால்வு எல்லாம் மாத்தி, புது ஊசி போட்டு... நீ அன்னைக்கு வித்துட்டியே, அதுக்குப் பதிலா. இனிமே உன்னைத் திட்ட மாட்டேன், போ!"

அப்பா இறந்த மாதமே அவள் அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டிருந்தாள். விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வந்த சின்னவன், பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிவதைப் பார்த்து ஓவென்று அழுதான். அதற்குப் பிறகு குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், "எங்கக்கா இருக்காளே, இசைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று ஆரம்பித்துவிடுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் முதலாளி பாட்டு வைத்தால்கூட, தலைவலி என்று சொல்லி நிறுத்தச் சொல்லிவிடுவாள். இவள் விற்கிற மாத்திரை இவளுக்கே கேட்காதா என்று அவர் கேலி செய்வார்.

உள்ளறையிலிருந்து அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு நடைதான் போயிருந்தது, நினைவு போகவில்லை. சின்னவன் பக்கத்தில் மண்டியிட்டு, "அம்மா, யார் வந்திருக்கா பாரு!" என்றான். அம்மா திரும்பவில்லை.

"வலது பக்கமா வந்து சொல்லு," என்றாள் பெரியவள்.

"ஆமா, மறந்தே போச்சு." சிறு வயதில் சீழ் பிடித்து அம்மாவுக்கு இடது காது போனதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கை மட்டும் மடியில் கிடந்த துண்டைச் சுருட்டியது.

சின்னவன் கையோடு கொண்டுவந்த இசைத்தட்டை வைத்துப் பொத்தானை அழுத்தினான். வால்வு சூடேறும்வரை பெட்டி சும்மா இருந்தது. பிறகு அடித்தொண்டையில் உறுமுவதுபோல் ஒரு ரீங்காரம். தூசி சூடாகும் வாசனை கூடமெங்கும் பரவியது. அந்த வாசனையைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. பிறகு சின்னவன் குமிழைத் திருக, சுவரில் மாட்டியிருந்த கரண்டிகள் அதிரும் அளவுக்கு. அவள் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றாள். அந்தச் சத்தம் எங்கே வரைக்கும் போகும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். அப்பா வைத்த நாட்களில் அது பக்கத்து வீடு, எதிர் வீடு, தெருமுனைக் கடை வரை போகும். "பாட்டுக்காரர் வீடு" என்று அந்தத் தெருவே பெருமையாகச் சொல்லும். அப்பா நல்ல ரசிகர், நாலு பேருக்கு நல்லவர், ஆபீசில் அதிர்ந்து பேசமாட்டார். வீட்டில் செய்ததை எல்லாம் பெட்டியை அதிரவிட்டுவிட்டுச் செய்தார்.

சின்னவன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, மொட்டை மாடி ஞாபகம் இருக்கா? அப்பா சத்தமா வச்ச உடனே என்னை இழுத்துக்கிட்டு மேல ஓடுவியே. நீ கை தட்டுவ, நான் ஆடுவேன். நிறுத்தவே விடமாட்ட. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வரவே இல்லக்கா."

"சத்தத்தைக் குறை."

"இதையெல்லாம் இப்படித்தான் கேக்கணும். அப்பா எப்படி வைப்பாரு!"

"குறைடா!"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவள் இந்த முறையும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷம் மூடியிருந்த வாய்தான்.

"எதுக்கு நிறுத்த விடமாட்டேன்னு யோசிச்சிருக்கியா?" என்றாள். "ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது போடறதுக்குள்ள கீழ இருந்து அம்மா சத்தம் வரும். அது உன் காதுல விழக் கூடாதுன்னுதான் கை தட்டினேன். தொண்டை கிழியப் பாடினேன்."

"என்ன சத்தம்?"

"அடி வாங்கற சத்தம்."

அவன் அவளையே பார்த்தான். பாட்டு அவர்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

"பொய் சொல்ற. உனக்கு அவரைப் புடிக்காம..."

"அம்மாவுக்குக் காது எப்படிப் போச்சுன்னு அவகிட்டயே போய்க் கேளு."

அவன் போனான். ஊசியைத் தூக்குவதற்குக்கூடப் பொறுமையில்லாமல் மூடியோடு சேர்த்து எதையோ தட்டியிருக்க வேண்டும், கர்ரென்று ஒரு கீறல் விழுந்து பாட்டு நின்றது. பெரியவள் பின்னாலேயே ஓடினாள். சொல்லியிருக்கக் கூடாது, அதுவும் அம்மாவை இதில் இழுத்திருக்கக் கூடாது என்று அதற்குள் பதறியது.

"அம்மா," என்றான் சின்னவன். இந்த முறை சரியாக வலது பக்கம் நின்றிருந்தான். "அப்பா உன்னை அடிப்பாராம்மா?"

அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அடிப்பாரு," என்றாள், மழை வந்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "பாட்ட ஏன் நிறுத்தின?"



"போடு," என்றாள் அம்மா.

"அம்மா, அந்தப் பெட்டியையா?" என்றாள் பெரியவள். "அதைப் பார்த்தா உனக்கு எரியல?"

"அவரு அடிச்சாரு. பெட்டியா அடிச்சுது?" அம்மா மூச்சு வாங்கினாள். "நீங்க எல்லாரும் போனதுக்கப்புறம் பகல்ல நான் போட்டுக் கேப்பேன். மெதுவா வச்சுக்குவேன், அவருக்குத் தெரியாம. துணி மேல இந்தக் காதை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பேன். அந்த வீட்டுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்." பெரியவளைப் பார்த்துச் சொன்னாள்: "நீ விக்கறப்போ என்னை ஒரு வார்த்தை கேக்கல."

"உனக்காகத்தாம்மா வித்தேன்."

"தெரியும். அதான் நானும் ஒண்ணும் சொல்லல."

சின்னவன் மேசை மேலிருந்த கார் சாவியை எடுத்தான். செருப்பை மாட்டிக்கொண்டான். "இருடா, காப்பி போடறேன்," என்றாள் பெரியவள். அவன் தலையை ஆட்டினான், சரி என்றா வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. படிகளில் அவன் இறங்கும் ஓசை நின்று நின்று கேட்டது.

"என்னைப் பக்கத்துல தள்ளு," என்றாள் அம்மா.

பெரியவள் நாற்காலியைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனாள். அவள் அதன் ஊசியைத் தொட்டதே இல்லை. எப்படித் தூக்குவது, எங்கே வைப்பது என்று அம்மா சொல்லச் சொல்லச் செய்தாள். விரல் நழுவி ஊசி தொப்பென்று விழுந்தது. "பரவால்ல, பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள் அம்மா. சத்தத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு, மெல்லச் சாய்ந்து பழுப்புத் துணியில் கன்னத்தைப் பதித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் நின்ற பெரியவளுக்கு ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

அவள் ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். சின்னவனின் கார் இன்னும் தெருவோரத்திலேயே நின்றது. உள்ளே அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே மங்கலாகத் தெரிந்தது. கிளம்புவதற்காகப் போட்ட பக்கவிளக்கு எரிந்து அணைந்து, எரிந்து அணைந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த வண்டிகள் அவன் எடுப்பான் என்று கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போயின.