பெர்னடின் வெட்டச் சொன்ன மரம்

1
இந்தக் கதை என் சமையலறைச் சன்னலில் பிறந்தது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் பிட்ஸ்பர்க் தெருவின் இரண்டு கொல்லைகள் தெரியும். ஒன்றில் பெர்னடினின் திராட்சைக்கொடி. மற்றதில் செஸ்டரின் மரம்; அதன் பெயரே சொர்க்க மரம். வேவு பார்க்கிறேன் என்பார்கள். பாத்திரம் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானத்திலிருந்து செஞ்சிறகுகள் பொழிந்த அந்த இலையுதிர்காலத்தில்..."

வேண்டாம். பொழிந்தது பூச்சி. கடல் தாண்டி வந்து கொடியின் சாற்றை உறிஞ்சும் புள்ளித் தத்துப்பூச்சி. கண்டால் மிதி என்று ஊரே திரிந்தது. (பூசைக்கு நடுவே பாதிரியாரே ஒன்றை மிதித்துவிட்டு ஆமென் சொன்னார்.)

"உன் மரத்துலதான் அதுங்க குடியிருக்கு செஸ்டர். வெட்டு."

"எங்கப்பா வச்ச மரம், பெர்னி."

"அப்போ உங்கப்பாவையே வந்து என் கொடியக் காப்பாத்தச் சொல்லு."

வெட்டினார். அன்றோடு பேச்சும் நின்றது. வெள்ளிதோறும் மாதா கோயிலில் அருகருகே உட்கார்ந்து கோயில் விற்பனைக்குப் பியரோகி* மடித்தவர்கள், இப்போது மேசையின் ஆளுக்கொரு கோடியில்.

*உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3
பூச்சி குறைந்ததா? பெருகியது. தெருமுனையில் புதிதாக முளைத்த முப்பது மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்து, பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி பெர்னடினின் கொல்லையில் நின்று அவருக்கு விளக்கினாள்.

"ஒசரமா எது நின்னாலும் அதுங்களுக்கு மரம்தான் மேடம். பறந்து வந்து மோதும், சுவத்துல ஏறும், மேலேர்ந்து குதிச்சு உங்க கொடிக்கு வந்துடும்."

"அப்போ இதையும் வெட்டச் சொல்லலாமா?"

அவள் சிரித்தாள். பெர்னடின் சிரிக்கவில்லை. செஸ்டர் கொல்லையில் மிஞ்சியிருந்த அடிமரத்தைப் பார்த்தார்.

கட்டடத்தாரும் சும்மா இல்லை. பூச்சி ஒட்டிக்கொள்ள மரத்துக்குச் சுற்றுவதுபோலத் தூண்களுக்குப் பசைநாடா சுற்றினார்கள். முதலில் ஒட்டிக்கொண்டது ஒரு குடித்தனக்காரியின் சால்வை.

[இங்கே "பெர்னடின் மனம் வருந்தி" என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அவரைத் தெரியும்.]

4
முடிவுகள்.

அ) கட்டடம் இடிந்து விழுகிறது. கட்டியவரிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள், விழாது.

ஆ) உறைபனி வந்து பூச்சிகள் சாகின்றன. சாகும்தான். ஆனால் அந்த மேசையின் இரண்டு கோடிகள்?

இ) இதோ, இப்போது. தப்பிய திராட்சையெல்லாம் சேர்த்துக் காய்ச்சிய ஒரே ஜாடி ஜாமோடு செஸ்டரின் கொல்லைக் கதவருகே பெர்னடின் நிற்கிறார். ஜாடி மூடியில் ஒரு பூச்சி வந்து உட்காருகிறது. விரட்டக்கூட இல்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறார், இறக்குகிறார். உள்ளே செஸ்டர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். கதவுக்கு வெளியே யாரென்று அவருக்குத் தெரியும்.

இதற்குமேல் நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இங்கே கழுவ இன்னும் ஒரு கரண்டிதான் பாக்கி.