கட்டம் மாறிய சிப்பாய்

பெட்டியைக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம் அந்த மனுஷன். கை அரித்தது. செஸ் போட்டிக்குப் போயிருக்கும் மனைவிக்கு ஆட்டத் தொடக்கங்களை ஆராய்ந்து கொடுப்பது அவன் வேலை. இன்றைய எதிராளியின் பழைய ஆட்டத்தை விடுதி அறைப் பலகையில் முதலிலிருந்து இன்னொரு முறை ஆடிப் பார்த்தான். ஒன்பதாவது நகர்த்தலில் கறுப்பு ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் வந்தது. அவன் ஆராய்ந்து வைத்த நிலையில் அது நகரவே இல்லை.

முந்தாநாள் பலகையைக் கட்டிலிலிருந்து மேசைக்கு மாற்றியபோது காய்கள் சரிந்தன. எல்லாம் மனப்பாடம் என்ற திமிரில், தாளைப் பார்க்காமலே அடுக்கினான். அந்தச் சிப்பாயை நகராதது போல் அதன் ஆரம்பக் கட்டத்திலேயே வைத்துவிட்டான். அதை நம்பித்தான் இரண்டு நாள் ஆராய்ச்சி! "பதினேழாவதுல குதிரையைக் குடுத்துடு. அப்புறம் யானை கடைசி வரிசைக்கு எறங்கினா ராஜாவுக்கு ஓட எடமே இல்ல" என்று மனைவிக்கு உருப்போட்டு அனுப்பியிருந்தான். ஓட இடம் இருந்தது. சிப்பாய் விட்டுப்போன கட்டம்.

இன்று கடைசிச் சுற்று. டிரா போதும், பதினோரு வருஷமாகக் கைக்கு எட்டாத பட்டம் வந்துவிடும். டிராவுக்கே ஆடுகிறேன் என்றுதான் அவளும் சொன்னாள். ஜெயித்தே வாங்கலாம் என்று கொம்பு சீவிவிட்டவன் இவன்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். அரங்க வாசலில் நடுவர் மறித்தார்.

"ஒரே ஒரு வார்த்தை சார். என் சம்சாரம் உள்ள ஆடறா."

"நீங்க சொன்னா அவங்க ஆட்டமே செல்லாம போயிடும். அங்க நின்னு பாருங்க."

வராந்தாத் திரையில் பதினாறு நகர்த்தல்கள் முடிந்திருந்தன. எல்லாம் அவன் சொன்னபடியே. பாழாய்ப்போன எதிராளியும் சொல்லிவைத்தாற்போல் அதே சிசிலியன் தொடக்கத்தைத்தான் ஆடியிருந்தாள். இப்போது மனைவி யோசித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம். இருபது. "பாத்துட்டா, பாத்துட்டா" என்று முணுமுணுத்தான். என் பேச்சைக் கேட்காதே தாயே, வீட்டில் எதில்தான் கேட்டிருக்கிறாய், இன்றைக்கும் கேட்காதே. நாற்பதாவது நிமிடம் குதிரை போனது.

சுவரில் சாய்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதான்.

ஒரு மணி நேரம் கழித்து, தோற்று வெளியே வந்தாள். அவன் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்: "ராஜா அந்தச் சந்துல நுழைஞ்சதும் நான் என்ன ஆடணும்? அதை நீங்க சொல்லவே இல்லையே?"

"ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆனா நீங்க ரெண்டு நாளா உக்காந்து பாத்தது. எனக்கே தெரியற ஓட்டை உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சுத்தான் ஆடினேன்."