இருபதாவது ஆள்

புது ரயில் ஓடத் தொடங்கிவிட்டால் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு ஐந்தே நிமிடம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது கஸ்தூரிக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஜோகூர் பாருவை அடுத்த மாசாயில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில் பாதிக்குமேல் சிங்கப்பூர் சம்பளத்தில் நடப்பவை. பக்கத்து வீட்டு சொர்ணம் வேலியோரம் வந்து நின்று, "இனிமே ஒம் புருஷன் தெனமும் வீட்டுச் சோறு சாப்பிடலாம் லா, அதிர்ஷ்டக்காரி நீ!" என்றாள். கஸ்தூரி சிரித்துவைத்தாள்.

அவள் கணவன் கமலநாதன் பதினாறு வருடமாக சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வேறு மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கி ஏர்கான் பழுது பார்க்கிறவன். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்து ஞாயிறு இரவு போய்விடுவான். மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்து நெரிசலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று தினமும் நின்றால் உடம்பு தாங்காது என்று இருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவுதான். அப்போது மகள் லோஷினிக்கு ஐந்து வயது. இப்போது அவள் பினாங்கில் படிக்கிறாள்.

மகள் போனபிறகு, இந்த மூன்று வருடத்தில், கஸ்தூரிக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. திங்கட்கிழமை மாலை சாப்பாட்டு மேசையை இழுத்து ஜன்னலோரம் போடுவாள். எதிர் நாற்காலியில் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, ரொட்டியோ பழைய குழம்போ எதையாவது தின்றபடி, சத்தமாகப் பேசுவாள். பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போட்டவள், மீன்காரன், தொழிற்சாலை மேனேஜர் என்று எல்லோருடைய குரலிலும் மாறி மாறிப் பேசித் தானே விழுந்து விழுந்து சிரிப்பாள். சனிக்கிழமை மதியம் மேசையைச் சமையலறைப் பக்கம் திரும்ப இழுத்துப்போட்டு, தரையில் விழுந்த கோடுகளை ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். மூன்று மணிவாக்கில் கேட் கிறீச்சிடும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் குழாய், காற்றாடி, சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றாகத் தட்டி முடுக்குகிற அந்த மனிதன், கேட்டுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குத் தொல்லை. குடி கிடையாது, கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியதில்லை. ஆனாலும் அவன் செருப்பு வாசலில் கிடக்கும் அந்த ஒன்றரை நாளும் அவள் குரல் தானாக இறங்கிவிடும். சிரிப்பு பல்லோடு நின்றுவிடும். அவன் எதுவும் சொல்வதில்லை, இருக்கிறான், அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு ஒருத்திக்கு இப்படித் தோன்றுமா, தோன்றினால் அவள் எப்படிப்பட்டவள் என்று படுக்கையில் புரண்டுகொண்டே யோசிப்பாள். இனி வாரம் முழுக்க அந்தச் செருப்பு வாசலில் கிடக்கும். ஐந்து நிமிடம்.

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவளுக்கும் வேலை போயிற்று. பிறகு கிடைத்தது இந்த சர்வே வேலை. ரயில் நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தையும் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். ஒரு கையில் டேப்லெட், மறு கையில் கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி. குழுவுக்குப் பொறுப்பாளன் யுகேந்திரன், மகளைவிட நாலைந்து வயது கூடியவன். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான்.

"இருபது பேருக்கு ஒருத்தர் அக்கா. இருபதாவது யாரு வந்தாலும் அவங்களத்தான் நிறுத்தணும். மூஞ்சியப் பாத்து ஆளப் புடிக்கக் கூடாது, டேட்டா கெட்டுப்போயிரும்!"

முதல் இரண்டு வாரம் லார்கின் பஸ் நிலையத்தில் நின்றார்கள். மூன்றாவது வாரம் ரயில் நிலையத்து மேம்பாலத்துக்கு மாற்றினார்கள். கமலநாதனிடம் அதை அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வார நாட்களில் அவர்கள் ஃபோனில் பேசுவது சாப்பிட்டாயா, தூங்கு என்ற அளவில்தான்.

மேம்பாலத்தில் நின்றால் எல்லாம் தெரிந்தது. ஒரு பக்கம் தூண் இறக்கும் இயந்திரம் மூச்சுவிடாமல் இடித்துக்கொண்டிருந்தது. நடைபாதையை வாரத்துக்கு ஒருமுறை வேறு பக்கம் திருப்பிவிடுவார்களாம். பழகின வழியில் வந்தவர்கள் தகர மறைப்பில் முட்டித் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். மறைப்பில் வரப்போகும் வட்டாரத்தின் படம் அச்சிட்டிருந்தது. மரங்கள், கண்ணாடிக் கட்டடங்கள், குழந்தை வண்டி தள்ளும் பெண். படத்தில் ஒருவருக்கும் வியர்க்கவில்லை. பாலத்துக்குக் கீழே ஐந்து சாப்பாட்டுக் கடைகள் இருந்ததில் இரண்டு ஏற்கெனவே காலி.

அந்த வாரம் புதன்கிழமை, ஆறு மணி இருக்கும். பதினொன்று என்று அழுத்தும்போது நிமிர்ந்தாள். அந்தப் பதினோராவது ஆள் கமலநாதன்.

நீல வேலைச் சட்டை, தோளில் கருவிப் பை. இமிகிரேஷன் பக்கமிருந்து கூட்டத்தோடு வந்தவன் அவளுக்கு மூன்றடி தள்ளி, தரையைப் பார்த்தபடி கடந்துபோனான். கூப்பிட வாய் வரவில்லை. பதினோராவது ஆளை நிறுத்தக் கூடாது என்ற விதி அந்த நேரத்துக்கு நல்ல சாக்காக இருந்தது. அவன் மாசாய் பஸ் நிற்கும் பக்கம் திரும்பவே இல்லை. படியிறங்கி, கீழே கடைசிக் கடையில் உட்கார்ந்தான். கடைக்காரர் கேட்காமலே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். ஏழரைக்கு எழுந்து, வந்த வழியே சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனான்.

"கா, எங்க பாக்கறீங்க? கவுண்ட் விட்டுப்போச்சா?" என்றான் யுகேந்திரன்.

"இல்ல தம்பி."

யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. வரவேண்டியவள் அன்று வராமல் போயிருக்கலாம். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்த நினைப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. அப்படி ஒருத்தி இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று. குற்றம் அவன் பக்கம் போய்விடும். மேசை ஜன்னலோரமே கிடக்கலாம். அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அன்று மேசையருகில் உட்கார்ந்தும் ஒரு குரலும் வரவில்லை.

சனிக்கிழமை கேட் கிறீச்சிட்டது. அவன் காற்றாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, "புதன்கிழம ஓவர்டைமா?" என்று கேட்டாள்.

"ம். லேட்டாயிருச்சி." திருகாணியைப் பல்லில் கடித்திருந்ததால் குரலிலிருந்து எதுவும் பிடிபடவில்லை. மாட்டி முடித்து இறங்கியதும், "ரூம் வீட்டுக்காரம்மா கேக்குறாங்க. ரயில் வந்தப்புறம் ரூமை விடறியா, வச்சிக்கிறியான்னு. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். என்ன சொல்றது?"

"உங்க இஷ்டம்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம்.

அடுத்த புதன்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு நிற்க வேண்டியவள் நாலேகாலுக்கே மேம்பாலத்தில் இருந்தாள். ஆறு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் நீலச் சட்டை தெரிந்தது. கருவியில் பதினான்கு. அவன் நெருங்க நெருங்கக் கட்டைவிரல் ஆறு தடவை அழுத்தியது.

"ஐயா, ஒரு ரெண்டு நிமிஷம். ஸ்டேஷன் வட்டாரத் திட்டத்துக்கு சர்வே எடுக்கிறோம்."

கமலநாதன் நின்றான். பின்னால் வந்தவர் அவன் பையில் இடித்துக்கொண்டு போனார்.

"நீ லார்கின்ல இல்ல?"

"மாத்திட்டாங்க." யுகேந்திரன் பத்தடி தள்ளி நின்றிருந்தான். "பதில் சொல்ல இஷ்டமாங்க? இல்லன்னா இல்லன்னு போட்டுக்கிறேன்."

அவன் தொண்டையைச் செருமினான். "கேளுங்க."

பெக்கோக்கில் இருந்த அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று அவன் அவளை 'ங்க' போட்டுப் பேசினான். அதற்குப் பிறகு இன்றுதான்.

"வாரத்துல எத்தன தடவ இந்த வழியா வர்றீங்க?"

"ரெண்டு தடவ. புதன், சனி."

"எவ்வளவு காலமா?" இது படிவத்தில் இல்லை.

"மூணு வருஷமா."

"வர்ற காரணம்? ஒண்ணு, வேலை. ரெண்டு, சாமான் வாங்க. மூணு, வீடு, குடும்பம். நாலு, மத்தது."

"சனிக்கிழம மூணு. புதன்கிழம நாலு."

"நாலுன்னா விவரம் சொல்லணும்."

"கீழ கடையில சாப்பிடுவேன். அப்புறம் சும்மா உக்காந்திருப்பேன்."

"வீடு எங்க இருக்கு?"

"மாசாய்." அவன் உதடு லேசாகக் கோணியது. "தெரியாதாக்கும்."

"பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். ஏன் வீட்டுக்குப் போறதில்ல?"

"இது ஃபாரத்துல இருக்கா?"

"இருக்கு," என்று பொய் சொன்னாள்.

அவன் பையை இறக்கிக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டான். அவளைப் பார்க்காமல் தகர மறைப்பைப் பார்த்துச் சொன்னான். "லோஷினி பினாங்கு போன புதுசு. ஒரு புதன்கிழம வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சி. நீ தனியா இருப்பியேன்னு சொல்லாம வந்தேன். கேட்டுல கைய வைக்கப் போனா, உள்ள பேச்சு. சிரிப்பு. யாரோ இருக்காங்கன்னு சொர்ணம் வீட்டு மாமரத்துகிட்ட போய் நின்னேன். ஒரு மணி நேரம். ஒருத்தனும் வெளிய வரல. எட்டிப் பாத்தா ஜன்னல்ல நீ மட்டும்தான். மேசைய இழுத்துப் போட்டுகிட்டு, கால நீட்டிகிட்டு..." நிறுத்தினான். "ஆள் இருந்தா சட்டையப் புடிச்சிருக்கலாம். யாரும் இல்ல. யார்கிட்ட போயி சண்ட போடறது?"

கஸ்தூரிக்குக் காது மடல்வரை கொதித்தது. குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. "நின்னு பாத்தீங்களா?"

"பாத்தேன். எங்கிட்ட நீ அப்படிச் சிரிச்சதில்ல." கொஞ்சம் பொறுத்து, "அதுலேர்ந்துதான் கேட்டுக்கு எண்ண போடறதில்ல. சத்தம் கேட்டா நான் வர்றது உனக்குத் தெரிஞ்சிரும்ல."

மூன்று வருடச் சனிக்கிழமைகளின் கிறீச் சத்தம் அத்தனையும் ஒரே நேரத்தில் அவள் காதுக்குள் கேட்டது. கோபப்படுவதா, அவன் கையைப் பிடிப்பதா என்று தெரியாமல் டேப்லெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் எதுக்குப் புதன்கிழம வர்றீங்க?"

"அந்தப் பக்கம் ரூம்ல நாலு பேரு. இந்தப் பக்கம் ஒன் வீடு. நடுவுல இந்தக் கடை ஒண்ணுதான். சாம்பார் கொஞ்சம் தண்ணி, பரவால்ல." பெருமூச்சு விட்டான். "அதையும் மாசக் கடைசியில ஒடைக்கிறாங்களாம்."

"கா, ரொம்ப நேரமாவுதே, ஓகேவா?" என்று யுகேந்திரன் குரல் கொடுத்தான்.

"ஐயா விவரமா பதில் சொல்றாரு தம்பி!"

ஒரு கேள்விதான் பாக்கி. அதை வாசித்தாள். "புதிய ரயில் ஓடத் தொடங்கியதும் உங்க பயணம் எப்படி இருக்கும்? ஒண்ணு, தெனமும் வீடு திரும்புவேன். ரெண்டு, இப்ப இருக்கிற மாதிரியே. மூணு, இன்னும் குறையும். நாலு, மத்தது."

"இது என்னக் கேக்கற கேள்வி இல்ல, கஸ்தூரி. நீ சொல்லு. ரூமுக்கு என்ன சொல்ல?"

'உங்க இஷ்டம்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அவன் ஒன்றாம் எண்ணைத் தேர்ந்தெடுப்பான். நல்லவன், தினமும் வருவான், தினமும் கேட்டைக் கிறீச்சிட விடுவான். அவள் தினமும் தரையைத் துடைப்பாள். கீழே தூண் இறக்கும் இயந்திரம் இடித்தது. அடுத்த இடி விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். இரண்டு மூன்று இடி விழுந்துவிட்டது.

"தெனமும் வேணாம்," என்றாள்.

அவள் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கடந்துபோன பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்தாள். கமலநாதனின் முகம் சட்டென்று வயதாகிப்போனது. அதைப் பார்த்ததும் வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளத் துடித்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"புதன் வாங்க. சனி, ஞாயிறு இருங்க. மத்த நாளு... எனக்கு வேணும்ங்க. ஏன்னு எனக்கே சொல்லத் தெரியல."

அவன் படத்திலிருந்த குழந்தை வண்டிக்காரி பக்கம் திரும்பிக்கொண்டான். "அதுக்கு எந்த நம்பரு?"

"நாலு. காரணம் எழுதணும், இல்லன்னா அனுப்ப முடியாது."

"எழுது, பின்ன."

மலாயில் எழுதினாள்: மனைவி கேட்டுக்கொண்டார். எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பினாள். "முடிஞ்சிதுங்க. நன்றி."

அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அதன்பிறகு எத்தனை பேரை எண்ணினாள், யாரை நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கீழே எட்டிப் பார்த்தாள். ஏழரைக்கு அவன் எழுந்துகொள்ளவில்லை. எட்டு மணிக்கு டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டு இறங்கியபோது கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கமலநாதன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"புதன்கிழமதானே?" என்றான்.

இருவரும் மாசாய் பஸ் ஏறினார்கள். கேட் கிறீச்சிட்டது. விளக்கைப் போட்டதும் ஜன்னலோரம் மேசை, அதன்மேல் நேற்றைய தட்டு, கால் நீட்டும் நாற்காலி எல்லாம் அப்படியே கிடந்தன. அவன் கை தானாக மேசையின் ஒரு விளிம்பைப் பிடித்தது, தூக்கி அதன் இடத்தில் போட.

"இருக்கட்டும்," என்றாள்.

கையை எடுத்துக்கொண்டான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் அவள் கால் நீட்டும் நாற்காலியில் உட்கார்ந்தான். ஃபோனை எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு ஒற்றை விரலால் ஏதோ தட்டினான். "ரூமை வச்சிக்கிறேன்னு சொல்லிட்டேன்," என்று மேசையைப் பார்த்துச் சொன்னான்.

அவள் தட்டை எடுத்துப்போய்க் கழுவினாள். தேநீர் போட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். திரும்ப உட்கார்ந்தாள்.

"இருபது பேருக்கு ஒருத்தரத்தான் நிறுத்தணும். நீங்க இருபதாவது ஆள் இல்ல," என்றாள். "பதினஞ்சாவது. நாந்தான் அழுத்திட்டேன்."

"அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சா?"

தெரிந்தால் யுகேந்திரன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அவன் கழுத்தை ஒரு பக்கம் சாய்ப்பதும், வார்த்தையின் கடைசியில் மூக்கால் இழுப்பதும்கூடத் தெரியும். தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"மூஞ்சியப் பாத்து ஆளப் புடிக்கக் கூடாது கா," என்றாள், யுகேந்திரனின் குரலில். "டேட்டா கெட்டுப்போயிரும்."

கமலநாதன் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி, அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாதவனாக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.