வெயிலில் தெரியாத நெருப்பு

ஓட்டல்களில் பொரித்து மிஞ்சிய கருப்பு எண்ணெயை அவள் துணியில் வடிகட்டிக் கொடுக்க, அவளுடைய கணவன் நெட்டை அதை அடுப்பிலிருந்த பீப்பாயில் ஊற்றினான். வேன் வாடகைக்கு விடும் முதலாளிக்கு டீசல் விலையைச் சொன்னாலே வயிற்றெரிச்சல். எண்ணெயைக் காய்ச்சி, ஸ்பிரிட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்து, ஷெட்டுக்குப் பின்னால் தானே டீசல் தயாரித்துக்கொண்டிருந்தார்.

அவள் சூடேறிய கரண்டியில் அந்த எண்ணெயை ஒரு சொட்டு விட்டாள். படபடவென்று பொரிந்தது.

"இன்னும் தண்ணி இருக்கு மொதலாளி. நேத்து வேன்ல ஊத்துன டீசலும் இப்படித்தான் பொரிஞ்சுது."

"வேன் ஓடுதில்ல? உன் வேலையப் பாரு. டேய் நெட்ட, ஸ்பிரிட்ட ஊத்து."

"எண்ணெ ஆறட்டும் மொதலாளி. சூட்டுல ஊத்துனா ஆவி கெளம்பும். அடுப்பு வேற எரியுது."

"அது ஆறுறதுக்குள்ள எனக்கு வயசாயிரும். ஊத்துறியா, ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுறீங்களா?"

நெட்டை கேனைச் சாய்த்தான். குப்பென்று ஒரு சத்தம். கேன் எகிறி விழுந்தது. அவன் அலறிக்கொண்டு ஓடினான், மாரில் அடித்துக்கொண்டான், சுவரில் போய் மோதினான். நெருப்பு எங்கும் தெரியவில்லை. உச்சி வெயிலில் ஸ்பிரிட் நெருப்பு கண்ணுக்குத் தெரியாது.

"குடிச்சிட்டு ஆடுறியா நாயே?" முதலாளி ஓங்கி ஓர் அறை விட்டார். அறைந்த கையை உதறிக்கொண்டு அவரும் கத்தினார். அதற்குள் நெட்டையின் சட்டை கருகி, தோலோடு சேர்ந்து உரிந்தது.

அவள் ஈரச் சாக்கோடு அவன்மேல் விழுந்து புரட்டினாள். அவளுடைய உள்ளங்கைகளும் வெந்தன.

"வேன எடுங்க மொதலாளி. சீக்கிரம் போனாப் பொழச்சுக்குவாரு."

அவனை வேனின் பின்பக்கம் கிடத்தினார்கள். முதலாளி கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். "ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டு அடுப்பு வெடிச்சிருச்சுன்னு சொல்லணும். புரியுதா?"

அவள் தலையாட்டினாள். எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பாள்.

மேட்டின் உச்சிக்குச் சற்று முன்னால், ஏற்றம் தணிந்த இடத்தில் வேன் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. சாவியை எத்தனை முறை திருகியும் அசையவில்லை. நேற்று ஊற்றிய தண்ணீர் கலந்த டீசல்.

"எறங்கித் தள்ளு, உச்சி தாண்டுனா சரிவுல உருண்டு ஓடிரும்," என்றார் முதலாளி, ஸ்டீயரிங்கை விடாமல்.

அவள் வெந்த கைகளைப் பின்கதவில் வைத்துத் தள்ளினாள். உள்ளே அவனுடைய குதிகால் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இடியும் அவள் கைக்குத் தெரிந்தது. மேட்டின் உச்சிக்குப் போவதற்குள் அந்த இடிப்பு நின்றுபோனது.

"நல்லாத் தள்ளும்மா," என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

கதவில் ஒட்டிய தோலைப் பிய்த்தெடுத்து, கையை வேறிடத்தில் ஊன்றி அவள் தள்ளினாள்.