அர்த்தனாரிக்கு வந்த சாமி

பஸ்ஸைக் கண்டால் குப்புற விழுந்து கும்பிடுவான், தலையைத் தூக்கி, "இது எந்தூரு சாமிங்க?" என்பான். ரேடியோவுக்கும் அதே கும்பிடு, அதே கேள்வி. அர்த்தனாரி நாடகத்தில் போட்ட கொல்லிமலைக்காரன் வேஷம் அவ்வளவுதான். அதற்குப் பத்து வருஷமாகச் சேலத்துச் சனமும் நாமக்கல் சனமும் வயிறு வலிக்கச் சிரித்தது. அந்த மகராசன் ஒருநாள்கூட மலை ஏறியதில்லை.

அந்தச் சிரிப்பு மலைமேல் திருப்புலி நாட்டு இருசாயியின் தலையில் வந்து விடிந்தது. அவள் புருஷன் மாதனுக்கு இருமினால் ரத்தம். வாரம் இரண்டு ஊசி போட்டால் பிழைப்பான் என்று சேந்தமங்கலத்து டாக்டர் சொல்லியிருந்தார். நான்கு ஊசியோடு மாதன் நின்றுவிட்டான். பஸ் ஸ்டாண்டில் அவனைக் கண்டதும் கடைக்காரன் முதல் கண்டக்டர் வரை, "எந்தூரு சாமிங்க?" என்று கத்துவார்களாம். விழுந்து கும்பிடச் சொல்லி ஒருவன் தோளை அமுக்கினானாம்.

"செத்தாலும் இங்கயே சாவறேன் புள்ள," என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

தை மாதம் அர்த்தனாரியே வந்து சேர்ந்தான். புது நாடகத்துக்கு மலைக்காரர்களின் நடை, பேச்சு எல்லாம் நேரில் பார்க்க வேண்டுமாம். நடந்தா வந்தான்? மலைக்காரர்கள் நான்கு பேர் தோளில் சுமக்க, டோலியில் வந்தான். வந்தவன் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தானா? தன் பெருமையைக் காட்ட, ஊர் நடுவில் கிடந்த உரலைப் பார்த்துக் கண்ணை உருட்டி, கை கால் உதறி, தடாலென்று விழுந்து, "இது எந்தூரு சாமிங்க?" என்று அலறினான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் மனிதன் அப்படி விழுந்து புரண்டால், சாமி வந்துவிட்டது என்று அர்த்தம். பூசாரி செங்கோடன் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் கொட்டினார். ஊரே கைகூப்பி நின்றது.

"வாக்குச் சொல்லுங்க சாமி."

வெறும் நடிப்பு என்று சொல்ல அர்த்தனாரிக்கு வாய் எழவில்லை. சாமி பேரில் விளையாடியவனைச் சும்மா விடுவார்களா என்று பயந்து செத்தான். மாதன் சொல்லியிருந்த அதே கேள்வியைக் கேட்டதும், ஆள் யாரென்று இருசாயி ஒருத்திக்குத்தான் புரிந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் முன்னால் போய்க் கும்பிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஊசிக்குப் போகோணுங்க சாமி. தொணைக்கு ஆரு வருவாங்க?"

"நானே வாரேன்," என்றது சாமி, பல் தந்தியடிக்க.

ஊர் கேட்ட வாக்கை மாதன் மீற முடியுமா? மறுநாள் காலையில் அதே டோலியில் அவன் ஏறினான். அர்த்தனாரி முனகிக்கொண்டே கல்லிலும் முள்ளிலும் நடந்தான். தப்பி ஓடலாமென்றால் முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள்.

சேந்தமங்கலத்து பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அர்த்தனாரியை அடையாளம் கண்டு கூச்சலிட்டது.

"போங்க சாமி. உங்க சனந்தான் கூப்புடுது," என்றாள் இருசாயி.

அவ்வளவுதான், ஆளுக்கு உயிர் வந்துவிட்டது. ஓடிப்போய் பஸ் முன்னால் விழுந்தான். கடைகள் காலியாயின. மாதன் தலையைக் குனிந்துகொண்டு டோலியைத் திருப்பச் சொன்னான். "ஏனுங்க, இப்ப நம்மள ஆரு பாக்கறாங்க?" என்றாள். அவன் நிமிர்ந்தான். அத்தனை கண்ணும் புழுதியில் புரள்கிறவன்மேல் இருந்தது. இறங்கி, ஆளில்லாத தெருவில் நடந்துபோய் ஊசி போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது அர்த்தனாரி சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தான். இருசாயி அவனருகே நின்றாள்.

"வெள்ளிக்கெழம அடுத்த ஊசிங்க. வந்து விழுந்துருங்க சாமி."