பதினொன்றாவது பதிவேடு

அப்பா உயிரோடு இருந்தவரை அவருடைய பதிவேடுகளை அரசாங்கம் ஒருநாளும் தேடியதில்லை. அவர் கண்ணை மூடிய மறுவாரமே கடிதம் வந்துவிட்டது. இறந்த நோட்டரியின் பதிவேடுகளையும் முத்திரையையும் வாரிசுகள் முப்பது நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் வழக்கு. இவ்வளவு அக்கறையாக உறவுக்காரர்கள்கூடத் துக்கம் விசாரிக்கவில்லை.

மொத்தம் பதினொரு பதிவேடுகள். கடைசிப் பதிவேடுதான் சிக்கல். கடைசிப் பதினான்கு மாதமும் அப்பாவுக்குக் கை நடுக்கம். தம்ளரையே பிடிக்க முடியாதவர் பேனாவை எங்கே பிடிப்பது? வந்தவர்களை அவர் விசாரித்தார், அடையாளம் பார்த்தார், சட்டம் பேசினார். உள்ளறையில் உட்கார்ந்து பத்திரத்திலும் பதிவேட்டிலும் அவருடைய கையெழுத்தைப் போட்டது அம்மா. நாலு நாள் பழகினாள். ஐந்தாம் நாள் அவரைவிட அழகாகப் போட்டாள். இருநூறு பத்திரங்களுக்கு மேல் இருக்கும். தெரிந்தால் அத்தனையும் செல்லாது, அம்மாவுக்கு ஜெயில். ஊராருடைய நேர்மைக்கெல்லாம் முத்திரை குத்திய மனிதர்! அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

"எரிச்சிடலாம்மா" என்றேன்.

"எரிச்சா அதுக்கும் கேஸ்தான். படிச்சவதானே நீ?" என்றாள் அம்மா.

முப்பதாம் நாள் காலையில் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவண அலுவலகத்துக் குமாஸ்தா கண்ணாடியைத் துடைக்கவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். அட்டை கிழிந்ததற்கு எங்களைத் திட்டினார். பதினொன்றாவதை விரித்து, ஒவ்வொரு கையெழுத்தின் மேலும் விரலை ஓட்டினார்.

"கடைசி வரைக்கும் கை நடுங்காம போட்டிருக்காரே!"

"அவருக்கு மனசு திடங்க" என்றாள் அம்மா.

குமாஸ்தா ஒப்படைப்புச் சீட்டை நீட்டினார். அதன் தலையில் கொட்டை எழுத்தில் ஒரு விதி: ஒப்படைப்பவரின் கையெழுத்து பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒத்திருக்க வேண்டும். நோட்டரி செத்தும் போவார் என்பது அதை எழுதிய மகானுக்குத் தோன்றவில்லை.

"வாரிசுன்னா அதெல்லாம் பாக்க வேண்டாம். உங்க பேர்ல போடுங்கம்மா" என்றார்.

அம்மா பேனாவை வாங்கினாள். எதிரே பதிவேடு, பக்கத்தில் முத்திரை. கை தானாக ஓடிவிட்டது. பழைய சுழியும் அடியில் இரண்டு புள்ளியுமாக அப்பாவின் கையெழுத்து. இறப்புச் சான்றிதழ் அதே சீட்டோடுதான் குத்தப்பட்டிருந்தது.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. நான் சீட்டைப் பிடுங்குவதற்குள் குமாஸ்தா எடுத்துவிட்டார். சீட்டைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"அச்சு அசலா ஒத்துப்போகுது" என்றார் திருப்தியாக. 'நோட்டரி நேரில் வந்து ஒப்படைத்தார்' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்து, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரே ஒரு தடவை என் பேரைப் போடலாம்னு ஆசையா வந்தேன்டி. அதையும் அவரே போட்டுட்டார்."